வுட் வெட்ச்: பிரிட்டன் காடுகளில் ஒரு பயற்றுக் கொடியைத் தேடி அடையாளம் காண்பது எப்படி?

ஜூன் கடைசியில் பிரிட்டனின் மேற்குப் பக்கத்திலோ வடக்கிலோ ஒரு காட்டுச் சரிவில் நடந்தால், ஹேசல் புதரின் உச்சி வரை ஏறிப் படர்ந்து, வெள்ளை இதழில் ஊதா நரம்போடிய பூக்களைச் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் ஒரு கொடி கண்ணில் படலாம். அதுதான் வுட் வெட்ச். நம் அவரையும் துவரையும் தட்டைப்பயறும் சேர்ந்த அதே குடும்பம். தோட்டத்திலிருந்து தப்பி வந்ததல்ல, இந்த மண்ணுக்கே உரியது.

இதைத் தேடத் தொடங்கியபோது எனக்கு வேண்டிய தகவல் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. செடியின் விவரம் ஒரு நூலில், காட்டின் வயது ஒரு வரைபடத்தில், சட்டம் ஓர் அரசுப் பக்கத்தில், பதிவுசெய்யும் முறை வேறெங்கோ என்று சிதறிக் கிடந்தது. ஊரில் செடிகொடிகளோடு பழகி வளர்ந்தவர்கள்கூட இங்கே வந்தபின் எல்லாம் பெயர் தெரியாத பச்சையாகவே தெரிகிறது என்று சொல்வார்கள். அவர்கள் ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதன் அறிவியல் பெயர் பழைய நூல்களில் விசியா சில்வாட்டிகா என்றும், புதியவற்றில் எர்விலியா சில்வாட்டிகா என்றும் இருக்கும். இரண்டும் ஒரே செடி. ஒரு பெயரில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் மற்றதில் தேடுங்கள்.

1. இரண்டு தடவை போகத் திட்டமிடுங்கள்

வுட் வெட்ச் பூப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பெரும்பாலான இடங்களில் ஜூன் பின்பாதியும் ஜூலையும் நல்ல காலம். ஆனால் முதல் பயணத்தை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

காரணம் இருக்கிறது. இந்தக் கொடியைப் பழைய காடுகளில்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். காடு பழையதா, நேற்று நட்டதா என்பதை அதன் தரைச்செடிகளே சொல்லும். ப்ளூபெல், வுட் அனிமோனி, பூண்டு வாசனை அடிக்கும் ராம்சன்ஸ் ஆகியவை மரங்கள் முழுதாக இலை விடும் முன்பே பூக்கத் தொடங்கிவிடும். ஜூலையில் போனால் ப்ளூபெல்லின் காய்ந்த விதைத் தண்டுகள்தான் மிஞ்சியிருக்கும், ராம்சன்ஸ் இலை மஞ்சளாகி மறைந்திருக்கும். அப்போது காட்டைப் பார்த்து அதன் வயதைச் சொல்வது புதியவர்களுக்குச் சிரமம். வசந்தத்தில் காட்டைப் படியுங்கள், கோடையில் கொடியைத் தேடுங்கள்.

இரண்டு பயணத்துக்கு நேரமில்லை என்றால் ஜூலை முதல் இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

2. எந்தக் காடு என்று வீட்டிலிருந்தே முடிவுசெய்யுங்கள்

லண்டனில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தென்கிழக்கு இங்கிலாந்தில் இந்தக் கொடி மிக அரிது. ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கத்துப் பூங்காவில் தேடி நாளை வீணாக்காதீர்கள். வேல்ஸ், இங்கிலாந்தின் மேற்கு மற்றும் வடக்குப் பகுதிகள், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில்தான் இது அங்கங்கே கிடைக்கும்.

பிரிட்டன், அயர்லாந்து தாவரவியலாளர் சங்கத்தின் பிளான்ட் அட்லஸ் 2020 இணையத்தில் இலவசம். ஒவ்வொரு இனத்துக்கும் 10 கிலோமீட்டர் சதுரங்களாகப் பரவல் வரைபடம் இருக்கும். முதலில் அங்கே வுட் வெட்ச் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள சதுரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்துப் பதிவு என்றும் பாருங்கள். பழைய பதிவை மட்டும் நம்பிப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

அடுத்து அந்தச் சதுரத்துக்குள் தொல்காடு எங்கே என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600-ஆம் ஆண்டிலிருந்து, ஸ்காட்லாந்தில் 1750-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருக்கும் நிலத்தைத்தான் இங்கே தொல்காடு என்கிறார்கள். நாட்டின் மொத்த நிலத்தில் அது ஏறக்குறைய 2.5 சதவீதம் மட்டுமே. இங்கிலாந்துக்கு மேஜிக் என்ற அரசு வரைபடத் தளத்தில் தொல்காட்டு அடுக்கைத் திறந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு.

இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். இங்கிலாந்தின் பட்டியல் தொடக்கத்தில் 2 ஹெக்டேருக்கும் குறைந்த காடுகளைச் சேர்க்காமல் தயாரிக்கப்பட்டது. ஆகவே ஒரு சின்னக் காடு அதில் இல்லை என்பதால் அது புதுக்காடு என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொன்று, தொல்காட்டு நிலத்தில் பிற்காலத்தில் ஊசியிலை மரங்களை நட்டிருப்பார்கள். அதுவும் பட்டியலில் இருக்கும். உள்ளே போனால் இருட்டாக, தரையில் ஒன்றுமே இல்லாமல் கிடக்கும். மனம் தளராமல் வண்டிப்பாதை ஓரங்களைப் பாருங்கள். பழைய காட்டின் செடிகள் வெளிச்சம் விழும் அந்த விளிம்புகளில் தப்பிப் பிழைத்திருப்பதுண்டு.

3. அனுமதியும் சட்டமும்

பொதுப் பாதையில் நின்று பார்க்கவும் படம் எடுக்கவும் யாருடைய அனுமதியும் வேண்டாம், எந்தப் படிவமும் இல்லை. சிக்கல் பாதையை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை பொதுவழிகள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்துவிடப்பட்ட நிலங்கள் தனி நிறத்தில் காட்டப்பட்டிருக்கும், அங்கே பாதையை விட்டும் நடக்கலாம். மற்ற தனியார் காட்டுக்குள் நுழைய உரிமையாளரைக் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடமாடும் உரிமையைத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஸ்காட்லாந்து எளிது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

செடியை வேரோடு பிடுங்குவது பற்றி: 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பது குற்றம். "ஒரே ஒரு கன்றுதானே, தொட்டியில் வைத்துப் பார்க்கலாமே" என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. செய்யாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் ஓர் இலையைக் கிள்ளுவதற்கும் தனி விதிகள் இருக்கலாம், வாசல் பலகையைப் படியுங்கள். இந்தக் கொடியை அடையாளம் காண எதையும் பறிக்கத் தேவையே இல்லை. எல்லாம் கொடியிலேயே பார்க்கக்கூடியவை.

தனியார் காடு என்றால் உரிமையாளருக்கோ மேலாளருக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த நாள், எத்தனை பேர், என்ன செடி, படம் மட்டுமே எடுப்போம் என்று நான்கு வரி போதும். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் மே மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். வந்த பதிலைக் கைபேசியில் படமாகச் சேமியுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. யாராவது வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆவணம்.

4. பையில் வைப்பவையும் செலவும்

பெரிய செலவு இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, ஏறக்குறைய 10 முதல் 15 பவுண்டு. மில்லிமீட்டர் குறியிட்ட சிறு அளவுகோல். பென்சில், குறிப்பேடு. தாள் வரைபடம் வாங்கப் பணம் செலவழிக்கும் முன் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இரவல் தருவார்கள். அடையாளம் காணும் செயலிகளும் பதிவுத் தளங்களும் இலவசம். ஆகப் பெரிய செலவு பயணம்தான்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை லென்ஸ் அருகே கொண்டுவர வேண்டும். கைநீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டிலேயே ஒரு கொத்தமல்லித் தழையை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

உண்ணிக்கான கருவி ஒன்று அவசியம், மருந்துக்கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. முழுக்கால் சட்டையை காலுறைக்குள் செருகுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றித் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போங்கள். வழக்கமாக 1 முதல் 4 வாரத்துக்குள் வரும், 3 மாதம் கழித்து வருவதும் உண்டு.

5. காட்டுக்குள் எங்கே பார்ப்பது

நடுக்காட்டில் தேடாதீர்கள். வுட் வெட்ச் காட்டுச் செடிதான், ஆனால் வெளிச்சம் இல்லாமல் பூக்காது. அடர் நிழலில் வெறும் இலையாகவே கிடக்கும். காட்டின் ஓரம், பாதை விளிம்பு, மரம் விழுந்து திறந்த இடம், மண் சரிந்த சரிவு, ஓடைப் பள்ளத்தாக்கின் பாறை முகப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். ஆஷ் மரமும் ஹேசலும் கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள மண் என்றால் இன்னும் நல்லது. தரையில் டாக்ஸ் மெர்குரி விரிந்திருந்தால் அதுவும் நல்ல அறிகுறி. அது நஞ்சுள்ள செடி, கீரை என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள்.

ஹேசலை அடியோடு வெட்டி மறுபடி துளிர்க்கவிடுவதை இங்கே காப்பிஸ் என்பார்கள். அப்படி வெட்டிச் சில ஆண்டுகளே ஆன பகுதி கண்ணில் பட்டால் அங்கே நேரம் செலவிடுங்கள். வெட்டும் பழக்கம் நின்று காடு மூடிக்கொண்ட இடங்களில் இந்தக் கொடி குறைந்துபோகிறது. மேய்ச்சலும் இதற்கு ஆகாது. ஆடும் மானும் விரும்பித் தின்னும். அதனால்தான் மலைப்பகுதிகளில் அவற்றின் வாய் எட்டாத பாறை விளிம்புகளில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கண்டால் ஏறிப் போகாமல் கீழிருந்து தொலைநோக்கியில் பாருங்கள்.

கடற்கரையிலும் இது உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சில இடங்களில் கடலோரக் குன்றிலும் கூழாங்கல் கரையிலும் மரமே இல்லாமல் தரையோடு படர்ந்து வளர்கிறது. "காடு இல்லையே, அப்படியானால் இதுவாக இருக்காது" என்று விலகிவிட வேண்டாம்.

6. செடியைப் பார்க்கும் வரிசை

இந்தப் படி மட்டும் மனதில் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும். எல்லோரும் பூவின் நிறத்தில் தொடங்குகிறார்கள். பூவைக் கடைசியாகப் பாருங்கள். வெட்ச் எனப்படும் இந்தப் பயற்றுக் கொடி இனங்களில் நிறம் வெளிறும், வாடும்போது மாறும், நிழலில் வேறாகத் தெரியும். இலையின் நுனியும் அடியும் அப்படி மாறுவதில்லை.

முதலில் தண்டு. விரலிடையில் உருட்டிப் பாருங்கள். மெலிதாக, ஏறக்குறைய மயிரற்றதாக இருக்க வேண்டும். தண்டின் இருபுறமும் தகடு போன்ற விளிம்பு ஓடினால் அது வெட்சே அல்ல, லாதிரஸ் என்ற உறவுப் பேரினத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்று.

அடுத்து இலையின் நுனி. கூட்டிலையில் 5 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். நீள்வட்டமாக, நுனியில் ஊசிமுனை போன்ற சிறு கூர் இருக்கும். இலைக்காம்பின் முடிவில் கிளைத்த பற்றுக்கம்பி இருந்தே ஆக வேண்டும். கம்பி ஒடிந்த இலையைப் பார்த்து ஏமாறாமல், ஐந்தாறு இலைகளைப் பாருங்கள்.

மூன்றாவதாக இலையின் அடி. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபக்கமும் குட்டி இலை போன்ற ஒன்று ஒட்டியிருக்கும். இலையடிச் செதில் என்போம். லென்ஸை எடுங்கள். வுட் வெட்சில் இந்தச் செதிலின் அடிப்பகுதி நூல் நுனி போன்ற பல பற்களாகப் பிரிந்திருக்கும். விளிம்பு முழுசாக, பல்லில்லாமல் இருந்தால் நீங்கள் பார்ப்பது வேறு இனம்.

பிறகு பூங்கொத்து. நீண்ட காம்பில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, 5 முதல் 20 பூக்கள் வரை. அளவுகோலை வைத்தால் ஒரு பூ 12 முதல் 20 மில்லிமீட்டர். வெள்ளை அல்லது மிக வெளிறிய ஊதா அடித்தளத்தில் கரு ஊதா நரம்புகள், குறிப்பாக மேலே நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழில். இந்த நரம்புகளின் அழகுக்காகவே இத்தனை தூரம் வரலாம்.

ஜூலை பிற்பாதியிலிருந்து காய் கிடைக்கும். 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம், மயிரில்லை, முற்றினால் கறுப்பு. பயறு போலத்தான் இருக்கும். வாயில் போடாதீர்கள், குழந்தைகளையும் எச்சரியுங்கள். காட்டு வெட்ச் விதைகளில் சில இனங்களுக்கு நச்சுப்பொருள் உண்டு.

7. ஏமாற்றும் உறவுகள்

டஃப்டட் வெட்ச்: வேலியோரம், புல்வெளி, ரயில்பாதை ஓரம் எங்கும் காண்பது. ஒரு கொத்தில் 10 முதல் 30-க்கும் மேல் நீல ஊதாப் பூக்கள், ஒவ்வொன்றும் 8 முதல் 12 மில்லிமீட்டர்தான். செதிலில் பற்கள் இல்லை. வெயிலில் வெளிறிய கொத்தை வுட் வெட்ச் என்று பதிவுசெய்துவிடுவது வழக்கமான தவறு. அளவுகோலும் லென்ஸும் ஒரு நொடியில் தீர்த்துவைக்கும்.

புஷ் வெட்ச்: காட்டோரத்தில் மிகப் பொதுவானது. பூ மங்கிய ஊதா, 2 முதல் 6 வரை, காம்பே இல்லாததுபோல் இலைக்கணுவில் ஒட்டியிருக்கும். சிற்றிலை அகலமானது. வுட் வெட்சின் நீண்ட பூங்காம்பை ஒருதடவை பார்த்தவர்களுக்கு இது குழப்பம் தராது.

காமன் வெட்ச்: ஒன்றிரண்டு பூக்கள் மட்டும், செதிலில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி. உடனே தள்ளிவிடலாம். மிகச் சிறிய வெளிறிய பூக்களும் மயிருள்ள காயும் உள்ள ஹேரி டேர் என்பதும் அப்படியே.

உண்மையில் கவனம் வேண்டியது வுட் பிட்டர்-வெட்ச் என்ற இனம். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, பூவும் வெளிறிய நிறத்தில் ஊதா நரம்போடியது, வளர்வதும் அதே மேற்குப் பகுதிகளில். ஆனால் அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலை ஒரு சிறு கூரில் முடிந்துவிடும். கொடியாக ஏறாமல் தானே நிமிர்ந்து நிற்கும், தண்டில் மயிர் உண்டு. அது வுட் வெட்சைவிட அரிது. ஆகவே "கம்பியைக் காணோம், சரி பரவாயில்லை" என்று கடந்துபோகாதீர்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய புதையலாக இருக்கலாம். பதிவின் பெயர்ப் பட்டியலில் இரண்டும் அருகருகே வரலாம், விரல் தவறிச் சொடுக்கிவிடாமலும் பாருங்கள்.

8. படம்

செயலியில் ஒரு பூப்படத்தைக் காட்டி வந்த பெயரை அப்படியே நம்புவது சரியல்ல. செயலி ஒரு யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். வேறொருவர் சரிபார்க்க முடிகிற மாதிரி படம் எடுப்பதே உங்கள் வேலை. கொடி முழுதும் அது ஏறியிருக்கும் புதரோடு, பக்கவாட்டிலிருந்து பூங்கொத்து, இலையின் நுனி, லென்ஸ் வழியாக இலையடிச் செதில், காய் இருந்தால் காய். பூவுக்கருகில் அளவுகோலை வைத்து ஒன்று. செதில் படம் மங்கலாக வந்தால் திரும்ப எடுங்கள், சரிபார்ப்பவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.

கைபேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுங்கள். பின்னர் அந்தப் படத்தை வாட்ஸாப்பில் யாருக்காவது அனுப்பி, அங்கிருந்து திரும்ப இறக்கிப் பதிவேற்றினால் இடமும் நேரமும் அழிந்துபோயிருக்கும். மூலப் படத்தையே பயன்படுத்துங்கள்.

9. பதிவுசெய்தல்

பார்த்தது வீட்டு ஆல்பத்தோடு நின்றுவிடக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கொடி எங்கே எஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தக் காட்டை வைத்திருப்பவர்கள் எதை வெட்டுவது, எங்கே வெளிச்சம் விடுவது, எங்கே வேலி போடுவது என்று தீர்மானிக்க முடியும். 2012-இல் இங்கே கண்டறியப்பட்ட ஆஷ் மர நோயால் பல காடுகளின் மேல்விதானம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. இப்போது எடுக்கும் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஐரெக்கார்ட் தளத்திலோ அதன் செயலியிலோ இலவசக் கணக்குத் தொடங்குங்கள். என்ன, எங்கே, எப்போது, யார் என்ற நான்கும் கட்டாயம். 'எங்கே' என்பதற்கு ஆர்டனன்ஸ் சர்வேயின் கட்ட எண் கேட்பார்கள், செயலி தானே நிரப்பும். இரண்டு எழுத்துக்குப் பின் 6 இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம், 8 இலக்கம் என்றால் 10 மீட்டர் சதுரம். மரத்தடியில் கைபேசியின் இருப்பிடம் பல மீட்டர் தள்ளிக் காட்டும். உறுதியில்லை என்றால் 6 இலக்கமே போதும். குறிப்புப் பகுதியில் "ஆஷ்-ஹேசல் காடு, பாதையோரம், தென்முகச் சரிவு, பூவும் இளங்காயும்" என்பதுபோல் ஒரு வரி எழுதுங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் தாவரவியலாளர் சங்கத்தின் சார்பில் ஒரு பதிவாளர் இருப்பார். பெரும்பாலும் தன்னார்வலர், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இதைச் செய்பவர். கோடையில் அவர்களும் காட்டில்தான் இருப்பார்கள், பதில் குளிர்காலத்தில் வந்தாலும் வியப்பில்லை. சங்கத்தில் உறுப்பினராகாமலே பதிவு அனுப்பலாம். "செதிலின் படம் இருக்கிறதா?" என்று அவர் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று வருந்த வேண்டாம். உங்கள் பதிவை நிலைநிறுத்தத்தான் கேட்கிறார். படம் இல்லை என்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் அதே இடத்துக்குப் போய் செதிலையும் கறுத்த காயையும் படமெடுத்து அனுப்புங்கள். அதற்குப் பிறகு கொடி வாடத் தொடங்கிவிடும், அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டிவரும்.